கோர்ட்டு காகிதம் தமிழில் வந்தால் என்ன?

நீதித்துறைச் சீர்திருத்தம் என்றாலே நீதிபதி பற்றாக்குறை, தேங்கிக் கிடக்கும் வழக்குகள், இ-கோர்ட்டு என்றுதான் பேச்சு ஓடுகிறது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கேரள மலையோரத்தில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் தேயிலை எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் தமிழர்களுக்கு அதற்கெல்லாம் முன்னால் ஒரு தடை நிற்கிறது. கைக்கு வந்த மலையாளக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது.

பக்கத்து லயத்து அக்கா ஒருத்தர், ஆயுசு முழுக்கக் கொழுந்து கிள்ளியவர். மலையாளத்தில் பேரம் பேசினால் கடைக்காரரே தோற்றுப்போவார். படிக்கத்தான் வராது, போனது தமிழ்ப் பள்ளிக்கூடம், அதுவும் பாதியில் நின்றது. அடிதடி கேஸ் ஒன்றில் சாட்சி சொல்ல சம்மன் வந்தபோது ஜப்தி நோட்டீஸ் என்று நினைத்து ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறார். விடிந்து ஜீப் ஓட்டும் பையன் படித்துச் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. கூண்டில் நின்று அவர் பேசியது தமிழ், தாளில் ஏறியது மலையாளம். எழுதியதைப் புரியும்படி சொன்னார்களா என்று கேட்டேன். "என்னமோ வேகமா வாசிச்சாங்க, தலையாட்டிட்டு கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

இதற்குப் புதுச் சட்டமே தேவையில்லை என்பதுதான் எரிச்சல். சாட்சி வேறு மொழியில் பேசினால் முடிந்தால் அந்த மொழியிலேயே பதியலாம், பதிவான மொழி அவருக்குப் புரியாவிட்டால் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டமும் அதையே சொல்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்றது. 2021-இல் தேவிகுளம் எம்எல்ஏ சட்டசபையில் தமிழிலேயே பதவியேற்றார். சபைக்குள் செல்லுபடியாகும் மொழி சம்மனில் மட்டும் ஏன் ஆகாது?

"கேரளாவில் இருந்துகொண்டு மலையாளம் படிக்கக் கூடாதா" என்று சிலர் கேட்பார்கள். பிள்ளைகள் படிக்கத்தான் செய்கிறார்கள். அறுபது வயதுக்காரரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? ஹைகோர்ட்டு ஆங்கிலம் சாமானியனுக்குப் புரியவில்லை என்று மலையாளிகள் சொல்லும் நியாயமும் இதேதானே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மலையோர கோர்ட்டுகளில் சம்மனின் பின்பக்கம் நாலு வரி தமிழ். சாட்சி நாளில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். அப்புறம், இலவச சட்ட உதவிக்கான தன்னார்வலர்களை லயங்களிலிருந்தே எடுக்க வேண்டும். 1987 சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் எல்லாருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் கிடைக்கும். லயத்தில் பெரும்பாலோர் இதில் ஏதாவது ஒன்றில் வந்துவிடுவார்கள், ஆனால் விஷயம் தெரிந்தவர் குறைவு.

15100 என்பதுதான் சட்ட உதவி எண். கூப்பிட்டால் தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். தாளில் இருப்பதைத் தமிழில் சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.