டச்சுக்காரன் இறங்கிய ஸ்டாப்

மொரீஷியஸின் தென்கிழக்கில், ஒரு பக்கம் லயன் மலை, மறுபக்கம் விரிகுடா. நடுவில் கிடைத்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஊர் வியே கிராண் போர். அங்கே ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக் அருங்காட்சியகம். பார்க்க வந்திருப்பவர்கள் பாக்கியம் அக்காவும் அவர் தம்பி முருகனும். அக்கா தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தம்பி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் நாக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை.

முருகன்: இவ்வளவுதானா?

பாக்கியம்: இன்னும் உள்ளேயே போகவில்லையேடா!

முருகன்: வாசலில் நின்றாலே பின்சுவர் தெரிகிறதே அக்கா. இதற்கா கியூர்பிப்பில் ஒரு பஸ், மாயேபூரில் ஒரு பஸ் என்று மாறி வந்தோம்?

பாக்கியம்: உன் கைக்காசா போயிற்று? அட்டையைக் காட்டினாய், ஓசியில் ஏறினாய்.

முருகன்: அந்த வயிற்றெரிச்சலைக் கிளப்பாதே. பெரியவர்களுக்கு இலவசம் என்று 2005-இல் கொண்டுவந்தார்கள். அதுவரை கிழவிகளிடம் சில்லறை கேட்டு, நாலு தலைமுறைக்கும் சாபம் வாங்கியவன் நான்.

(காவலாளி வணக்கம் சொல்கிறார். கூட்டமே இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு உள்ள அந்த ஆசையான வணக்கம்.)

பாக்கியம்: இங்கே வா. 1598-இல் டச்சுக் கப்பல்கள் இந்த விரிகுடாவுக்குள் வந்தன. 1638-இல் குடியேறிக் கோட்டை கட்டினார்கள். முதலில் வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 25.

முருகன்: பாதி பஸ் கூட நிறையாது. இந்தக் கூட்டத்துக்கு ஒரு கோட்டை வேறு!

பாக்கியம்: 1658-இல் கட்டாது என்று விட்டுப் போனார்கள். 1664-இல் திரும்பி வந்தார்கள். 1710-இல் மறுபடியும் போய்விட்டார்கள்.

முருகன்: இந்த மாதிரிப் பயணிகளை எனக்கு நன்றாகத் தெரியும். இறங்குவான், ஏறுவான், "ஐயோ, இந்த ஸ்டாப் இல்லை" என்பான். ஏன் போனார்களாம்?

பாக்கியம்: புயல், எலி, வெட்டுக்கிளி. தோட்டம் போட்டால் எலி தின்னும், மிச்சத்தைப் புயல் அடித்துப் போகும்.

முருகன்: எலி ஏற்கெனவே இங்கே இருந்ததா?

பாக்கியம்: இல்லை. அதுவும் கப்பலில் வந்து இறங்கியதுதான்.

முருகன்: டிக்கெட் எடுக்காமல் வந்தவன் கடைசியில் பஸ்ஸையே பிடித்துக்கொண்டான்!

(ஒரு கண்ணாடிப் பெட்டியில் மண்ணால் செய்த புகைக்குழாய்த் துண்டுகள். பக்கத்தில் பழைய மது பாட்டில்கள்.)

முருகன்: இதையா பூட்டி வைத்திருக்கிறார்கள்? உடைந்த குழாய், காலி பாட்டில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் தெருமுனைக்குப் போனால் இதைவிட அதிகம் பொறுக்கலாம்.

பாக்கியம்: முந்நூறு வருஷத்துச் சாமான்டா. தரையைத் தோண்டி எடுத்தது.

முருகன்: அப்படியானால் குடித்தார்கள், புகைத்தார்கள். வேலை?

பாக்கியம்: கருங்காலி மரம் வெட்டினார்கள். 1639-இல் வந்த வான் டெர் ஸ்டெல் என்ற அதிகாரிதான் ஜாவாப் பக்கத்திலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்தார்.

முருகன்: மானா! நாம் சாப்பிடும் மான் கறி அவர் தயவா? நல்ல மனுஷன் அக்கா. மசாலாவை ரோஸ் காரி அம்மியில் வைத்து அரைத்து, கறிவேப்பிலை தாளித்து...

பாக்கியம்: புரட்டாசி மாதம்! வாயை மூடு.

முருகன்: சாப்பிடவா போகிறேன்? வரலாறு பேசுகிறேன். சரி, கரும்பு சர்க்கரைக்குத்தானே?

பாக்கியம்: சாராயத்துக்கு. கரும்புச் சாற்றிலிருந்து அரக்கு காய்ச்சினார்கள்.

முருகன்: (இடுப்பில் கை வைத்து) அப்படியானால் நம் ஆட்கள் கப்பலேறி வந்து, முதுகு ஒடியக் கரும்பு வெட்டியதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது ஒருத்தனின் குடிப்பழக்கமா?

பாக்கியம்: கூலிக்கப்பல் வந்தது இங்கிலீஷ்காரன் காலத்தில், 1834-க்குப் பிறகு. அதற்கு நூறு வருஷம் முன்பே, பிரெஞ்சு கவர்னர் லாபூர்தொனே காலத்தில், பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்துவிட்டார்கள். எதையும் அரைகுறையாகப் பேசாதே.

முருகன்: டோடோப் பறவை எங்கே? அதுவும் இவர்கள் சாப்பிட்டதுதானே?

பாக்கியம்: சாப்பிட்டுவிட்டுக் குறையும் சொன்னார்கள். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கறி இன்னும் கடினமாகிறதாம். பன்றி, குரங்கு, எலியெல்லாம் சேர்ந்து முட்டையைத் தின்று மிச்சத்தை முடித்துவிட்டன.

முருகன்: பாவம். ருசியில்லாத கறிக்குக் கூடவா இந்தக் கதி? நீ கிறிஸ்துமஸுக்கு வைத்த கோழிக்குழம்பு...

பாக்கியம்: பேசாமல் நட. 1642-இல் ஏபெல் டாஸ்மான் என்ற டச்சு மாலுமி இங்கே வந்து கப்பலைப் பழுது பார்த்தார். ஒரு மாதம் தங்கினார். இங்கிருந்து போய்த்தான் டாஸ்மேனியாவையும் நியூசிலாந்தையும் பார்த்தார்.

முருகன்: ஒரு மாதம் வண்டி டெப்போவில் நின்றிருக்கிறது. எங்கள் மெக்கானிக்கும் அந்த வம்சம்தான். ஆனால் டாஸ்மான் புறப்பட்டாவது போனார்.

(வெளியே இடிபாடுகள். டச்சுக் கோட்டை இருந்த இடத்திலேயே பிரெஞ்சுக்காரர்கள் கட்டியவை. முருகன் ஒரு சுவரைத் தட்டிப் பார்க்கிறார்.)

பாக்கியம்: தட்டாதே! டச்சுக் கோட்டைக்கு 1695-இல் தீ வைத்துவிட்டார்கள்.

முருகன்: எதிரிப் படையா?

பாக்கியம்: அடிமைகள். உள்ளே வேலை செய்தவர்களே. அதில் வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அன்னா என்ற பெண்ணும் இருந்தாள். பிடித்துக் கொடுமையாகத் தண்டித்தார்கள்.

முருகன்: அவள் சாமான் ஏதாவது உள்ளே இருக்கிறதா?

பாக்கியம்: அடிமைக்கு ஏதுடா சாமான்?

முருகன்: குடித்தவன் பாட்டில் பத்திரமாக இருக்கிறது. ம்.

(சற்று நேரம் நடக்கிறார்கள். முருகனால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியாது.)

முருகன்: அக்கா, ஒன்று தோன்றுகிறது. என் கண்டக்டர் பை இருக்கிறதே, தோல் பை. கூடவே அந்த டிக்கெட் பெட்டி. இரண்டையும் இவர்களிடம் கொடுத்தால் என்ன? உடைந்த குழாய்க்கே கண்ணாடிப் பெட்டி என்றால், உடையாத பைக்கு ஒரு தனி அறையே கொடுக்கலாம்.

பாக்கியம்: முந்நூறு வருஷம் ஆகட்டும்.

முருகன்: அதுவரை யார் பத்திரமாக வைத்திருப்பது?

பாக்கியம்: பெட்டியில் நான் கடுகு, வெந்தயம் வைத்திருக்கிறேன்.

முருகன்: என்னது! பை?

பாக்கியம்: அதில் பூண்டு. நல்ல காற்றோட்டமாக இருக்கிறது.

முருகன்: அக்கா, அந்தப் பையில் ஓட்டையே கிடையாது!

பாக்கியம்: எலி போட்டது.