அந்த வீடியோவை அனுப்பியவர்களுக்கு

அந்தக் கல்லூரி விழாப் பேச்சை எத்தனை பேர் எனக்கு ஃபார்வர்டு செய்தீர்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். போதும், பார்த்துவிட்டேன். "செத்தவங்க கதையைப் படிச்சு என்னங்க ஆகப்போகுது? அந்த நேரத்துல ரெண்டு கம்ப்யூட்டர் லாங்குவேஜ் கத்துக்கிட்டா நாடு முன்னேறும்" என்று வரலாற்றுப் பாடத்தைப் பற்றிச் சொல்கிறார் சிறப்பு விருந்தினர். அரங்கமே கைதட்டுகிறது. முன்வரிசையில் பேராசிரியர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "சார், இது உங்களுக்குத்தான்" என்று ஒரு சிரிப்புப் பொம்மையையும் சேர்த்து அனுப்பிய பழைய மாணவர்களுக்கு இந்த வரலாற்று வாத்தியாரின் நன்றி.

விருந்தினர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் நிறுவனம் நடத்துகிறார், பலருக்குச் சம்பளம் கொடுக்கிறார், நல்லது. எனக்கு எரிந்தது அந்தக் கைதட்டல்தான்.

செத்தவங்க கதை. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். செத்தவர்கள் எப்படிச் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்று உயிரோடிருப்பவர்கள் தெரிந்துகொள்வதற்குப் பெயர்தான் வரலாறு. அரசர்களின் பட்டப்பெயர்களை மனப்பாடம் செய்வதை நீங்கள் வரலாறு என்று நினைத்திருந்தால், அது உங்களுக்கு நடத்தப்பட்ட விதத்தின் கோளாறு.

இந்தோனேசியாவில் சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு. 1907 ஜனவரியில் அங்கே பெரிய நிலநடுக்கம், தொடர்ந்து ஆழிப்பேரலை. ஏராளமானோர் செத்தார்கள். தப்பியவர்கள் அதைக் கதையாக, தாலாட்டாகப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். கதையின் சாரம் இவ்வளவுதான்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், சட்டி பானையை எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்த தீவு இதுதான். அலை வருவதற்குச் சுமார் பத்து நிமிடம்தான் அவகாசம். சைரன் இல்லை, செயலி இல்லை, டிவி அறிவிப்பு இல்லை. மக்கள் மலைக்கு ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர். எதிரே அச்சே கரையில் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

சிமெலுவேக்காரர்கள் கையில் இருந்தது செத்தவங்க கதைதான் ஐயா. வேறு எதுவும் இல்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் ஒரு பெரிய நிலநடுக்கம். அதில் எழுந்த அலை வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து, நாகப்பட்டினத்தில் இருந்த அலை அளக்கும் கருவியில் பதிவானது. சிறிய அலைதான், ஊரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பதிவாகியிருக்கிறது. ஆங்கிலேயர்கள் அதைக் கணக்கெடுத்து அச்சிட்டும் வைத்தார்கள். அதாவது, அந்தமான் நிக்கோபார் பக்கம் பூமி ஆடினால் நாகப்பட்டினத்துக்கு அலை வரும் என்பது 123 வருடங்களுக்கு முன்பே நாகப்பட்டினத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருந்தது. எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? வரலாறு நடத்துகிற எனக்குச் சொல்லித்தரப்படவில்லை. நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை.

2004இல் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நிலம் ஆடியது காலை ஆறரை மணிக்கு. அலை இங்கே வந்தபோது ஏறக்குறைய ஒன்பது மணி. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. சிமெலுவேக்குப் பத்து நிமிடம், நமக்கு இரண்டு மணி நேரம். இதை மட்டும் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள்.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத இளம் ஆசிரியர். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பெயர் கூப்பிட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையில், கூப்பிடாதீங்க சார் என்பது தெரிந்தது. அக்கரைப்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், முதல் அலையில் தப்பித்து வீட்டுக்கு வந்து, வலை போயிருக்குமே என்று பார்க்கத் திரும்பிப் போனவன். அலை ஒன்றோடு நிற்காது, அடுத்தடுத்து வரும், பின்னால் வருவது பெரிதாகவும் இருக்கலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டிய வாத்தியார் நான்தானே? எனக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லையே.

இந்த இடத்தில் ஒருவர் வருவார் என்று தெரியும். "நாகையில் நில அதிர்ச்சியே பெரிதாகத் தெரியவில்லை, அப்புறம் கதை தெரிந்து என்ன பயன்?" நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. காலையில் தூங்கிக்கொண்டிருந்த ஊருக்கு முதல் அலையைப் பற்றி எந்தக் கதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. அதற்கு எச்சரிக்கை மையம் வேண்டும். அந்த மையம் எப்படி வரும் என்றுதான் கேட்கிறேன். 1946இல் ஹவாயில் ஆழிப்பேரலை வந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றே வருடத்தில், 1949இல், பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலுக்கு 2004 வரை எதுவும் இல்லை. இங்கெல்லாம் அது வராது என்ற நினைப்பு. 1881ஐ யாராவது மதித்திருந்தால் அந்த நினைப்பு வந்திருக்குமா? ஹைதராபாத்தில் இந்தியாவின் மையம் 2007இல் வந்தது, அத்தனை பேரையும் புதைத்த பிறகு.

அடுத்தவர் வருவார். "சார், இதெல்லாம் அறிவியல் சார், வரலாறு இல்லை. அறிவியல் படித்தால் போதும்." இவருக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் ஆசையே உண்டு.

ஜப்பான்காரர்களைவிட அறிவியல் தெரிந்தவர்களா நாம்? ஃபுகுஷிமா அணு உலையைக் கட்டியபோது அந்தக் கடற்கரை 35 மீட்டர் உயர மேடு. அதைச் செதுக்கி 10 மீட்டருக்குக் கொண்டுவந்து உலையை வைத்தார்கள். கடல் நீரை மேலே ஏற்றும் செலவு குறையும், அடியில் கெட்டிப் பாறையும் கிடைக்கும். கணக்குப் பிசகவில்லை, பொறியாளர்கள் முட்டாள்களும் இல்லை. 2011இல் 14, 15 மீட்டருக்கு அலை வந்தது, அப்புறம் உலை உருகிக் கதிர்வீச்சு வெளியே வந்தது உலகத்துக்கே தெரியும். அதே கரையில், நிலநடுக்க மையத்துக்கு ஃபுகுஷிமாவைவிடப் பக்கத்தில், ஓனகாவா என்ற இடத்தில் இன்னொரு அணு உலை இருக்கிறது. அதைத் திட்டமிட்டபோது ஹிராய் யானோசுகே என்று ஒரு மூத்த பொறியாளர், உயரமாகத்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் காட்டிய ஆதாரம் என்ன தெரியுமா? 869ஆம் ஆண்டு அந்தக் கரையில் வந்த ஆழிப்பேரலை! ஆயிரம் வருடத்துக்கு முந்தைய செத்தவங்க கதை. இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கடைசியில் 14.8 மீட்டர் உயரத்தில் கட்டினார்கள். 2011இல் அங்கே வந்த அலை சுமார் 13 மீட்டர். உலை தப்பியது. வீடிழந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் வந்து தங்கியது அந்த உலை வளாகத்துக்குள்தான்.

இரண்டு இடத்திலும் ஒரே நாட்டு அறிவியல். எது வித்தியாசம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

அறிவியல் தானாகவே முன்னே போய்க்கொண்டிருக்கும், பழையதை நினைவு வைத்திருக்க வேண்டாம் என்று நம்புகிறவர்கள், நீண்ட கடல் பயணத்தில் மாலுமிகளைக் கொன்றுகொண்டிருந்த ஸ்கர்வி நோயின் கதையைப் படிக்க வேண்டும். ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தால் மாலுமிகளுக்கு அது குணமாகிறது என்று ஜேம்ஸ் லிண்ட் 1747இலேயே கப்பலில் சோதித்துப் பார்த்துவிட்டார். பிரிட்டிஷ் கடற்படை 1795இல் எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தது, நோய் அடங்கியது. அப்புறம் 1860களில் மலிவு என்று வேறு வகை எலுமிச்சைக்கு மாறினார்கள். அதில் சத்து குறைவு. முதலில் எது, ஏன் வேலை செய்தது என்பதையே மறந்துவிட்டார்கள். 1875இல் வடதுருவம் நோக்கிப் போன கடற்படைப் பயணத்தில் ஸ்கர்வி திரும்ப வந்து நின்றது. உடனே, எலுமிச்சையில் ஒன்றும் இல்லை, கெட்டுப்போன டின் இறைச்சிதான் காரணம் என்று படித்த மருத்துவர்களே புதுக் கதை கட்டினார்கள். கையில் இருந்த மருந்தைத் தொலைத்துவிட்டு, 1930களில் வைட்டமின் சி பிடிபடும் வரை தடவிக்கொண்டிருந்தார்கள். முன்னேற்றம் என்றால் ஏறிக்கொண்டே இருப்பது என்று யார் சொன்னது? மறந்தால் இறங்கவும் செய்யும்.

"வரலாறு சண்டையைத்தான் மூட்டுகிறது" என்பவர்களுக்கு: மூட்டுவது வரலாறு இல்லை, வாட்ஸ்அப். அடுத்து.

இல்லை, அடுத்து இல்லை. இதில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், நம்மவர்களுக்கே கோபம் வந்தாலும் பரவாயில்லை. அந்த விருந்தினரை எதிர்த்து நேற்று முழுக்கக் கொந்தளித்த நண்பர்களின் பதிவுகளையும் பார்த்தேன். கல்லணை, தஞ்சைக் கோயில் நிழல், கடலுக்கடியில் மூழ்கிய கண்டம், நாங்கள் உலகுக்கு ஆடை கட்டக் கற்றுக்கொடுத்தோம், இத்யாதி. இதைப் படித்துவிட்டு அவர் "பார்த்தீர்களா, இதற்குத்தான் சொன்னேன்" என்று சிரிக்க மாட்டாரா? நெஞ்சைத் தட்டிக்கொள்வதற்கு மட்டும் வரலாற்றைக் கூப்பிட்டால் அதற்குக் கைதட்டல்தான் கிடைக்கும், புத்தி கிடைக்காது. பூம்புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்கிறது. காணாமல் போன பிள்ளையைத் தேடிய துயரத்தில் சோழன் இந்திர விழாவை மறந்தான், அதனால் கடல் வந்தது என்பது கதை. காப்பியம்தான், நடந்ததற்குச் சான்று என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஆனால் கடல் ஊருக்குள் வரும் என்ற நினைவு இந்தக் கரைக்கு இருந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பெருமை என்று மேடை மேடையாகப் பேசினோம். கடல் உள்வாங்கினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. மேடைப்பேச்சு இல்லாத சிமெலுவே தீவுக்காரனுக்கு அது தெரிந்திருந்தது.

வேலை கிடைக்காது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். வரலாறு படித்தவனுக்கு வேலை கிடைப்பது கஷ்டம்தான், என் மாணவர்களுக்கே தெரியும். ஆனால் அரைக் கிரவுண்டு மனை வாங்க முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டு, மூலப்பத்திரம் வரைக்கும் வக்கீலிடம் காட்டி, யார் யாருக்கு விற்றார், எந்த வாரிசு கையெழுத்துப் போடவில்லை என்று துருவுகிறீர்களே, அது என்ன? உங்கள் இரண்டு சென்ட் நிலத்துக்குப் பூர்வீகம் வேண்டும், நாட்டுக்கு வேண்டாமா? அந்த விருந்தினரும் கம்பெனி இடத்தை அப்படித்தான் வாங்கியிருப்பார். அந்தக் கல்லூரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது என்பதையும் இங்கே போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

என் வகுப்பில் இப்போது இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். டிசம்பர் 26 அன்று ஊரில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், பால் ஊற்றுவார்கள் என்பது தெரியும். போன வருடம் ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, கடல் திடீரென்று அரை கிலோமீட்டர் பின்னால் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "வீடியோ எடுப்போம் சார்." வகுப்பே சிரித்தது. அந்தப் பையனின் அப்பாவுடைய தங்கை அந்த அலையில் போனவள். அவன் வீட்டில் அவள் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது. கடல் எப்படி வந்தது என்று ஒருவரும் அவனிடம் பேசியதில்லை. துக்கம், பேச முடியவில்லை, எனக்குப் புரிகிறது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் பேச வேண்டும் என்கிறேன். அதைத்தான் ரெண்டு கம்ப்யூட்டர் லாங்குவேஜுக்காக எடுத்துவிடலாம் என்கிறார்கள், கைதட்டுகிறீர்கள்.

"சார் ரொம்ப எமோஷனல் ஆயிட்டீங்க" என்று கீழே ஒருவர் எழுதப்போகிறார். ஆமாம், ஆகிவிட்டேன். ஹிஸ்டரி குரூப் என்றாலே மார்க் வாங்காத பிள்ளைகளைக் கொட்டிவைக்கும் இடம் என்று இத்தனை வருடமாகக் கேட்டவனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா? பிள்ளைக்கு அந்தப் பிரிவுதான் கிடைத்தது என்று சேர்க்கை மேசைக்கு முன்னால் நின்று அழுத அம்மாக்களை எனக்குத் தெரியும். ஏதோ வியாதியைச் சொன்னதுபோல அழுவார்கள். பக்கத்தில் அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மறுபடி ஒருமுறை படித்துவிட்டு வாதத்துக்கு வாருங்கள். படிக்காமல் வருகிறவர்களை பிளாக் செய்யப்போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

நாளை காலை பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு நான்தான் உட்காருகிறேன். இந்தப் பக்கம் யாருக்காவது தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அனுப்புங்கள். வரலாற்றுப் பிரிவில் இடம் நிறையவே இருக்கிறது.