அலுமினிய இன்ஜின் கோட்டிங் உரிஞ்சு போயிருமா? உண்மை இதுதானுங்க

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் வாட்சப் குரூப்புல ஒன்னு சுத்துதுங்க, அலுமினிய இன்ஜின் வண்டி வாங்காதீங்க, சிலிண்டர் உள்ள அடிச்ச கோட்டிங் பெயிண்ட் மாதிரி உரிஞ்சிரும், அப்புறம் இன்ஜினையே தூக்கிப் போடணும்னு. தப்புங்க.

மொதல்ல, நெம்ப அலுமினிய இன்ஜின்ல கோட்டிங்கே கெடையாது, சிலிண்டருக்குள்ள குழாய் மாதிரி வெச்ச வார்ப்பிரும்பு லைனர்தான் இருக்கும். கோட்டிங் இருக்கறதுல நிக்காசில்னா நிக்கலுக்குள்ள சிலிக்கான் கார்பைடு துகள் கலந்து மின்முலாம் போட்டது, இன்னொன்னு உருக்குன இரும்ப பிளாஸ்மாவுல (கடுஞ்சூடான வாயு) பீச்சி ஒட்ட வெக்கறது, நிஸ்ஸான் ஜிடி-ஆர் கார்ல இதுதான்.

பயம் எங்கிருந்து வந்துச்சுன்னா 1990கள்ல பிஎம்டபிள்யூ வி8 நிக்காசில் இன்ஜின்க கந்தகம் அதிகமான பெட்ரோல்ல அரிச்சுப் போச்சு, அது நெசம். ஆனா நம்மூர்ல 2020 ஏப்ரல்ல இருந்து பிஎஸ்6ங்கற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி பெட்ரோல்ல கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 10 பங்கு) மேல இருக்கக்கூடாது, அதனால அந்தக் கதைய இப்ப சொல்லிப் பயமுறுத்தறது நியாயமில்லீங்க.

நிக்காசில் போட்ட சிலிண்டர் துளைய சாதாரணமா கடைஞ்சு பெருசாக்கக்கூடாதுங்கறது (ரீபோர்) மட்டும் சரி, கோட்டிங் போயிரும். ஆனா பழச எடுத்துட்டு மறுபடி முலாம் போட்டு வைரக் கல்லுல தேச்சு ஹோன் பண்ணலாம், லைனரும் எறக்கலாம். பட்டறைல குடுக்கறதுக்கு முன்னாடி உங்க இன்ஜின்ல எந்த வகைன்னு கேட்டுக்கோங்க.