ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை மாதிரி வண்டிகள் கண்காட்சியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நாலு நாள் பேசாமல் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள், மதிப்பெண் தாளின் படம் வேறு சுற்றிக்கொண்டிருக்கிறது. "பாகங்கள் கடையில் வாங்கியவை, கைவேலை குறைவு" என்று அதில் எழுதியிருப்பது என் டிராக்ஸ்டரைப் பற்றித்தான், ஒரு பந்தய வண்டியின் சின்ன மாதிரி அது.

பரிசு கிடைக்காததில் வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதற்காக இதை எழுதவில்லை. நடுவர் என் மேஜை முன்னால் மூன்று நிமிஷம் நின்றார். நான் ஒன்றரை அடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குனிந்து பார்த்தார், கூட வந்தவரிடம் "கையால செஞ்சா இவ்வளவு சுத்தமா வராது, வாங்கி மாட்டினதுதான்" என்றார், எழுதினார், அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

படிவத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தேன். இன்ஜின் பிளாக்கும் சிலிண்டர் ஹெட்டும் டயர்களும் கடையில் வாங்கிய கிட்டில், அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியில், வந்தவை, மற்றவை நாங்கள் செய்தவை என்று தெளிவாக இருக்கிறது. அதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. சரி, படிக்க நேரமில்லை என்றே வைத்துக்கொள்வோம். வாய் இருக்கிறதே, கேட்டிருக்கலாமே.

வண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 1960களின் அமெரிக்க ஸ்லிங்ஷாட் டிராக்ஸ்டர், 1:25 அளவு, அதாவது நிஜ வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கால் மைல் நேர்கோட்டில் ஓடுவதற்கு மட்டுமே கட்டிய வண்டி. முன்னால் நீளமான சட்டம், அதன்மேல் 392 ஹெமி என்கிற கிறைஸ்லரின் எட்டு சிலிண்டர் இன்ஜின், அதற்கும் பின்னால், பின் அச்சையும் தாண்டி ஓட்டுநர். இந்த அளவில் ஒரு அங்குலம் என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்றரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியாகிவிடும். 8 மி.மீ. தடிமனுள்ள ஸ்பார்க் பிளக் ஒயர் 0.32 மில்லிமீட்டராகிவிடும். அந்த 0.32-ஐ எங்கே போய்த் தேடுவது? எங்கள் ஊர் கோவை. மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டால் 30 கேஜ் எனாமல் பூசிய செம்புக் கம்பி கொடுப்பார்கள், கிட்டத்தட்ட அதே கனம். நான் போன கடைக்காரர் எதற்கென்று கேட்டார். சொன்னேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பாருங்கள், அவர் கேட்டார்.

இந்த ஒயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "வாங்கியது" என்று அவர் விரல் நீட்டிக் காட்டியது இதைத்தான். ஹெமியில் ஸ்பார்க் பிளக்குகள் வால்வு கவரின் நடுவே இறங்குகின்றன, பக்கத்துக்கு நாலு. 392-இல் பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கிற மேக்னெட்டோ பின்பக்கம், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற ப்ளோயருக்குப் பின்னால் நிற்கும். அதன் மூடி என் வண்டியில் நாலு மில்லிமீட்டர் விட்டம். சர்க்யூட் போர்டு துளைக்கிற மெல்லிய பிட்டை விரல்களுக்கு நடுவே உருட்டி அந்த மூடியைச் சுற்றி எட்டு ஓட்டை போட்டேன். ஏழாவது ஓட்டையில் பிட் உடைந்து உள்ளேயே நின்றுவிட்டதால் மூடியையே ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அப்புறம் எட்டு ஒயர்களையும் 1-8-4-3-6-5-7-2 என்ற, சிலிண்டர்கள் எரிகிற வரிசையில் அந்தந்த சிலிண்டருக்குக் கொண்டுபோனேன். இடப்பக்கம் ஒற்றை எண்கள், வலப்பக்கம் இரட்டை. ஒன்றுகூட மாறவில்லை. மாறியிருந்தால் யாருக்குத் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியும்.

எக்ஸாஸ்ட் குழாய்கள் எட்டும் 2 மி.மீ. சால்டரிங் ஈயக் கம்பி. உள்ளே ரெசின் ஓடுகிற கம்பி என்பதால் முனையில் பிட்டை வைத்துத் திருகினால் நடு தானாகவே வழிவிடும், குழாய் மாதிரியே ஆகிவிடும். பலகையில் ஆணி அடித்து, அதைச் சுற்றி வளைத்தேன். எட்டும் ஒரே வளைவில் வருவதற்குள் இருபத்து மூன்று கம்பி வீணானது. ஊசிபோட்ட பிறகு டாக்டர் தூக்கி எறிகிற ஊசி இருக்கிறதே, அதில் 21 கேஜ் 0.8 மில்லிமீட்டர். புதுசாகப் பாக்கெட் வாங்கி, அதை வெட்டித்தான் எரிபொருள் குழாயின் இணைப்புகள் செய்தேன், சிவப்பும் நீலமும் பூசியிருப்பவை. எஃகுப் பின்னல் போட்ட குழாய்க்கு ஒப்பணக்கார வீதியில் தையல் சாமான் கடையில் வெள்ளி எலாஸ்டிக் நூல். இவ்வளவும் வாங்கியவைதான், கம்பியாகவும் நூலாகவும் வாங்கியவை.

எரிபொருள் குழாய் "அளவுக்கு மீறித் தடிமன்" என்றும் தாளில் ஒரு குறிப்பு இருக்கிறது. இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அந்த வண்டி பெட்ரோலில் ஓடுவதில்லை, நைட்ரோமீத்தேனில் ஓடுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேன் தன் ஆக்ஸிஜனில் ஒரு பகுதியைத் தானே சுமந்து வருவதால் அதற்கு 2 கிலோகூட வேண்டாம். அதே காற்றுக்கு எத்தனை மடங்கு எரிபொருளை உள்ளே தள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், குழாய் ஏன் தடிமன் என்று புரியும். முன்னாலிருக்கும் டேங்கிலிருந்து பம்ப், பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர், மீந்தது திரும்ப டேங்குக்கு. இந்தப் பாதையைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் குழாயை நான் வளைத்திருக்கவே முடியாது. இதையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன், அரை மணி நேரம் சொல்லியிருப்பேன்.

இப்போது சிலர் வருவார்கள், எனக்குத் தெரியும். "நடுவர்கள் சம்பளம் வாங்காமல் வந்து செய்கிறார்கள், ஒரே நாளில் அத்தனை மேஜை பார்க்க வேண்டும்." உண்மை. அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்று நிமிஷம் நிற்க நேரமிருந்தவருக்கு மூன்று விநாடிக் கேள்விக்கு நேரமில்லையா? இது மாதிரிப் பாகங்கள் அமெரிக்காவில் விலைக்குக் கிடைக்கத்தான் செய்கின்றன, ஒயர் கோத்த மேக்னெட்டோகூடக் கிடைக்கிறது, அதனால் அவருக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும், முடிவு எழுதக் கூடாது. என் வாதம் மொத்தமும் இதுதான்.

"அப்போ 3டி பிரிண்டர் வைத்திருப்பவன் எல்லாம் மட்டமா?" இதை நான் எங்கே சொன்னேன்? பக்கத்து மேஜைத் தம்பி கணினியில் தானே வரைந்து பிரிண்ட் எடுத்த ப்ளோயரைப் பார்த்து அசந்துபோனேன். வரைவதற்கும் வண்டியைப் படித்திருக்க வேண்டும். அவனிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் "பிரிண்ட் போட்டா ஒரு ராத்திரியில முடிஞ்சிருக்கும், எதுக்கு ஏழு மாசம்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார் ஒருவர். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? எனக்கு அந்த ஏழு மாதம் வேண்டும். சீக்கிரம் முடிந்துவிட வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

இந்தப் பந்தயமே கையால் செய்து செய்து வளர்ந்ததுதான். இன்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கும் 6-71 ப்ளோயர் பந்தயத்துக்கென்று பிறந்ததில்லை, பஸ்ஸிலும் லாரியிலும் ஓடிய ஜிஎம் டீசல் இன்ஜினின் பாகம். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதுதான் பெயர். யாரோ அதைக் கழற்றி, பட்டறையில் தகடு வெட்டி, ஹெமி மேல் உட்கார வைத்தார்கள். ஃபுளோரிடாக்காரரான பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸ், ஸ்வாம்ப் ரேட் என்று பெயரிட்ட தன் வண்டிகளில் முதலாவதை ஒரு பழைய செவர்லே காரின் சட்டத்தை வைத்துத்தான் கட்டினார். 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவில் லயன்ஸ் பந்தயப் பாதையில் ஸ்லிங்ஷாட்டின் டிரான்ஸ்மிஷன் அவர் காலடியில் வெடித்து, வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அதன் பிறகு இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து வண்டி கட்டினார். 1971 தொடக்கத்தில் பொமோனாவில் நடந்த பந்தயத்தில் அந்த வண்டி ஜெயித்தது, சில வருஷங்களில் ஸ்லிங்ஷாட்டே காணாமல் போனது. என் வண்டியில் கிளட்ச் உறையைச் செய்தபோது அதன் இரண்டு பக்கமும் ஓட்டுநரின் கால்கள் எங்கே வரும் என்று அளந்து பார்த்தேன். நடுவில் ஒரு தகடுதான். அன்று ராத்திரி அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

"ஒரு பொம்மைக்கு இவ்வளவு பேச்சா?" என்பவர்களும் வருவார்கள். வாருங்கள். உங்களுக்குத்தான் இந்தக் கடைசிப் பகுதி.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் டர்னர். கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் பம்ப் ஷாஃப்ட் கடைந்தவர். அவர் கடைந்த ஷாஃப்ட் எத்தனை கிணற்றில் ஓடுகிறதோ, எதிலும் அவர் பெயர் கிடையாது. இப்போது வயது 71, கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது. வண்டியின் முன்னால் இருக்கும் உருளை டேங்க், அதையும் "வாங்கியது" என்று எழுதியிருக்கிறார்கள், அப்பா கடைந்தது. 10 மி.மீ. அலுமினியக் கம்பி. பழைய முதலாளியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை லேத்தில் நின்றார். இரண்டு முனையும் லேசாக உப்பிய மாதிரி வர வேண்டும், நான் படத்தைக் காட்டினேன், அவர் படத்தை ஒரு தரம்தான் பார்த்தார். உளியை நகர்த்தும்போது கை நடுங்கவில்லை. காப்பி டம்ளரைப் பிடித்தால் நடுங்குகிற கை அது. கடைந்து முடித்து, எமரி தாளால் மெருகேற்றி, மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "ரெண்டு பாயிண்ட் கூட இருக்குது, எடுத்துரட்டுமா?" என்றார். நூறில் இரண்டு மில்லிமீட்டர்.

கண்காட்சிக்கு அவரையும் கூட்டிப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுவர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சேலம் தாண்டிய பிறகுதான் கேட்டார்: "ஏஞ்சாமி, இது நாம பண்ணுனதுன்னு அவியகிட்டச் சொல்லலியா நீ?"

சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாய் வரவில்லை எனக்கு. எழுதிக் கொடுத்திருக்கிறோமே, படிப்பார்கள் என்று இருந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று இந்த நாலு நாளில் என்னையே நூறு தரம் கேட்டாகிவிட்டது. அவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் நாற்காலியைத்தான் காட்டியிருப்பேன். "அவரைக் கேளுங்கள்" என்றிருப்பேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்பாவிடம் யாரும் "எப்படிங்க செஞ்சீங்க?" என்று கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டிருப்பார்கள். என் மதிப்பெண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் "வாங்கியது" என்ற சொல்லை மட்டும் அடித்துத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்டு ஏற்பாட்டாளர்களுக்கு நேற்றுக் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

அடுத்த தடவை வண்டியோடு ஒரு டப்பாவும் வைக்கப் போகிறேன். வீணான இருபத்து மூன்று ஈயக் கம்பிகள், பிட் சிக்கிய மூடி, லேத்தில் அப்பா நிற்கிற படம், எல்லாம் அதில் இருக்கும்.

பஸ்ஸில் வந்த குலுக்கலில் ஏழாவது சிலிண்டர் ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. முன் சக்கர ரிம்மின் அளவு கேட்டு அப்பா காலையிலிருந்து இரண்டு தரம் வந்துவிட்டார். ஒயரை ஒட்டிவிட்டுத்தான் அவருக்கு அளவு எடுத்துக் கொடுக்க வேண்டும்.