புத்தாண்டுக்கு முன் ஓர் ஐந்தொகை

தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப்பிள்ளையாக இருந்தார். குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றி, ஆண்டு முடிவில் வரவு செலவை நேர்பார்க்கும் ஐந்தொகை எடுக்கும்போது ஒரு காசு உதைத்தாலும், எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை அவர் படுக்கமாட்டார். டிசம்பர் 31 மாலையில் அவர் வீட்டில் இன்னொரு ஐந்தொகை எடுப்பார். யாருக்கு என்ன சொல்லிச் செய்யாமல் விட்டோம், யாரிடம் அளவுக்கு மீறிப் பேசினோம், யாருடைய கூலியைத் தாமதித்தோம் என்று ஒரு தாளில் எழுதுவார். அதன் பிறகுதான் நாங்கள் எல்லோரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வோம்.

ஓர் ஆண்டு அந்தத் தாளில் சித்தப்பாவின் பெயர் இருந்தது. பாகப்பிரிவினையில் வந்த ஒரு பனங்கொல்லையை முன்னிட்டு மூன்று ஆண்டுகளாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் உன் சகோதரனிடம் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வதை அப்பா சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். இருட்டிய பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போய்ச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். கொல்லையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நாலு பேர் முன்னால் உன்னைத் திருடன் என்று சொன்னது தப்பு, தம்பி" என்று மட்டும் சொன்னார். சித்தி சுக்குக்காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆறும்வரை யாரும் எடுக்கவில்லை. பிறகு சித்தப்பா முதலில் எடுத்தார்.

புத்தாண்டை இறைப்பற்றோடு தொடங்குவது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தத் திண்ணைதான். பயபக்தி என்று நம் முன்னோர் இரண்டையும் பிரிக்காமல் ஒரே சொல்லாகச் சொன்னார்கள். நாமோ பயத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்தியை மட்டும் வைத்துக்கொண்டோம் என்பதே என் வருத்தம். இறையச்சம் என்பது தூய ஆவியின் ஏழு கொடைகளுள் ஒன்று என்று உறுதிபூசுதல் என்னும் திருவருட்சாதனத்துக்கு முன் நம் எல்லோருக்கும் சொல்லித் தந்தார்கள். அது அடிக்குப் பயப்படும் பயம் அன்று. தன்மேல் உயிரையே வைத்திருக்கும் தகப்பனின் முகம் வாடிவிடக் கூடாதே என்று பிள்ளை படும் தவிப்பு அது.

என் மனைவி பாளையங்கோட்டைப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவர். அங்கே ஆண்டு தொடங்கும் ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை, அதாவது அந்த ஆண்டுக்கான இறைவாக்குறுதி என்று ஒரு விவிலிய வசனம் அச்சிட்ட அட்டை, ஒன்றைத் தட்டிலிருந்து எடுப்பது வழக்கம். இப்போது நம் கத்தோலிக்கர் பக்கத்திலும் அது பரவியிருக்கிறது. அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் இறைவார்த்தை ஒன்றைக் கையில் பெறுவது அழகான செயல். ஆனால் எடுத்த அட்டை பிடிக்காமல் அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தவரை நான் கண்ணால் பார்த்தேன். அன்று முதல் அந்தத் தட்டில் என்னென்ன வசனங்கள் இருக்கின்றன என்று கவனிக்கத் தொடங்கினேன். செழிப்பு, உயர்வு, எதிரிமேல் வெற்றி எல்லாம் இருந்தன. தன்னலம் துறந்து நாள்தோறும் தன் சிலுவையைத் தூக்கிக்கொண்டு பின்பற்ற வேண்டும் என்ற லூக்கா நற்செய்தி வசனத்தை இன்றுவரை ஓர் அட்டையிலும் நான் காணவில்லை. 1728இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் சின்சென்டார்ப் பிரபு, மறுநாளுக்கான ஒரு வசனத்தைத் தம் சபையாருக்குக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். அதற்கு அவர்கள் இட்ட 'லோசுங்' என்னும் ஜெர்மன் பெயருக்குப் படைவீரரின் அடையாளச் சொல் என்றும் பொருள் உண்டு. அன்றைய கடமைக்குப் புறப்படுகிறவன் கையில் பெற்ற சொல் அது.

நம் திருச்சபைக்கு ஆண்டு தொடங்குவது, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று. ஜனவரி 1 கிறிஸ்து பிறப்பின் எட்டாம் நாள், அன்னை மரியா இறைவனின் தாய் என்னும் பெருவிழா. குழந்தைக்கு இயேசு என்று பெயரிட்டதைத்தான் அன்றைய நற்செய்தி சொல்கிறது. முதல் வாசகத்தில் வரும் ஆசியும் செல்வத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆண்டவர் தம் திருமுகத்தை நம் பக்கம் திருப்பி அமைதி அருளவேண்டும் என்றுதான் கேட்கிறது.

எங்கள் எதிர்வீட்டு ஆச்சி பிள்ளையார் நோன்புக்காகத் திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 நாள் நூல் எடுத்து வைக்கிறார். ஒரு நாள்கூடத் தவறவிடமாட்டார். அவருடைய நம்பிக்கை வேறு, என்னுடையது வேறு. ஆனாலும் அந்த ஒழுங்கைப் பார்க்கும்போது நான்கு வாரத் திருவருகைக் காலத்தைப் பலகாரத்திலும் துணிக்கடையிலும் கழித்த எனக்கு உள்ளம் குறுகுறுக்கிறது.

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையான நம் மறவ நாட்டு மண்ணுக்கு இன்னொரு நினைவும் உண்டு. திருவாடானைப் பக்கம் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த போர்ச்சுகல் நாட்டு இயேசு சபைத் துறவி புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), மறவ நாட்டுக்குத் திரும்பக் கூடாது என்ற கட்டளைக்குப் பிறகும், போர்ச்சுகலில் அரண்மனைப் பணி காத்திருந்தும், இங்கேதான் திரும்பி வந்தார். 1693ஆம் ஆண்டு தொடங்கிய சில நாட்களில் சிறைப்பட்டார். பிப்ரவரி 4 அன்று உயிர் கொடுத்தார். அந்தப் புத்தாண்டில் அவருக்குக் கிடைத்தது அதுதான். அதையும் ஆசி என்றே ஏற்றுக்கொண்டார்.

அப்பா இறந்த பிறகு பல ஆண்டுகள் நான் அந்தத் தாளை எழுதவில்லை. இன்று மாலை எழுதினேன். முதல் பெயரிலேயே கை நின்றுவிட்டது. ஒரு கடனுக்காக நான் வாசலில் நிறுத்திவைத்து அவமானப்படுத்திய பழைய நண்பர் அவர். நன்றி வழிபாட்டுக்கு இரவு பதினொன்றரைக்கு மணி அடிப்பார்கள். அதற்குள் நான் சுப்பிரமணியபுரம் வரை போய்வர வேண்டும்.