உடன் வந்தவரை வெளியே அனுப்பத் துணிவு உண்டா?

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ மருத்துவர்கள் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதை வினாத்தாள் வைத்து அளக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வரவேற்கிறேன். ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். அடிபட்ட பெண் தனியாக வருவதே அரிது. கணவனோ மாமியாரோ கூடவே வந்து, "மாடிப்படியில் விழுந்துவிட்டாள், டாக்டர்" என்று அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, அந்த டாக்டர் பெரும்பாலும் குடும்பத்துக்கே தெரிந்தவர். "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அவர்களிடம் சொல்ல அவருக்கு மனம் வருமா? வினாத்தாளின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சட்டத்தில் குழப்பமே இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவுப்படி, கேட்கப்பட்டால் மருத்துவ உதவி அளித்தே ஆக வேண்டும். நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கை இன்னும் பதிவாகவில்லை என்றால், மருத்துவமனைப் பொறுப்பாளரே அதற்கான படிவம் 1ஐ நிரப்பி, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவ இச்சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன இச்சட்டத்தின் 2006 விதிகள். இதை எத்தனை டாக்டர்கள் அறிவார்கள்? பயிற்சி நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை 181 என்ற உதவி எண்ணைப் பெண்கள் கழிப்பறைச் சுவரிலாவது ஒட்டுங்கள். யாரும் கூட வராமல் அவள் போகும் இடம் அது ஒன்றுதான்.