ஜூன் ரீ செய்த பெரிய வேலை

டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கொரியர் ஜூன் ரீ பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதில் புரூஸ் லீ நட்பும், குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்குக் குத்து கற்றுத்தந்த கதையுமே பாதி இடத்தை எடுத்துக்கொண்டன. சரி, சுவையான விஷயம்தான். ஆனால் மனுஷன் செய்த பெரிய வேலை பாதுகாப்புக் கவசம். அதற்கு முன் போட்டிகளில் வெறுங்கை, வெறுங்கால். குத்தோ உதையோ, முகத்துக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்த வேண்டும். பட்டதா படவில்லையா என்று நடுவரோடு மல்லுக்கட்டு வேறு. கொஞ்சம் தவறினால் பல் போகும். 1970களில் ரீ நுரைப் பஞ்சில் கைக்கும் காலுக்கும் தலைக்கும் உறை செய்து கொண்டுவந்தார். அப்புறம் பயமில்லாமல் நிஜமாகவே அடித்துப் பழக முடிந்தது.

இன்னொன்று, 1956இல் டெக்சாஸுக்குப் போனவர் 1962இல் வாஷிங்டனில் பயிற்சிப் பள்ளி திறந்தார். 1965இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவர் வழிப்பறியில் அடிவாங்கிய செய்தியைப் படித்ததும், தானே போன் போட்டுச் சொல்லித் தருகிறேன் என்றார். அதிலிருந்து பல ஆண்டுகள் உறுப்பினர்களுக்கு இலவச வகுப்பு. டெமாக்ரட், ரிபப்ளிகன் என்று எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே கூடத்தில் உதை பழகினார்கள். இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? ஆள் கெட்டிக்காரர்!